அலுமினியத் துளையில் மரைப் பிசிறு: எங்கே தடுக்கிறது என்று பார்த்து நீக்கும் முறை

அலுமினியத் தகட்டில் துளையிட்டு மரை வெட்டி முடித்தபின் போல்ட்டை வைத்துத் திருகினால், சில துளைகளில் முதல் சுற்றே பிடிப்பதில்லை. சிலவற்றில் பாதித் தூரம் விரலாலேயே இறங்கிவிட்டு, அதன்பின் ஸ்பேனர் இல்லாமல் அசைவதில்லை. இரும்பு போல்ட்தானே, இன்னும் சற்று அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் பிசிறு, அதாவது வெட்டும்போது அறுபடாமல் விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோகம், தானாக விலகிவிடும் என்று நினைத்துப் பலரும் ஸ்பேனரை எடுக்கிறார்கள். அலுமினியத்தில் அப்படி நடப்பதில்லை. போல்ட்டுக்கு வெட்டும் முனையும் கிடையாது, வெட்டுப்பட்டது வெளியேற வழியும் கிடையாது. ஆகவே அது பிசிறை வெட்டாமல் மடக்கி, பக்கத்து மரைப் பள்ளத்துக்குள் திணித்து அமுக்குகிறது. அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பு அலுமினியத்துக்கு மிகுதியாக உண்டு என்பதால், அமுக்கப்பட்ட பிசிறு அங்கேயே அடைபட்டுவிடும். போல்ட்டைக் கழற்றும்போது நல்ல மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

மோட்டார் ஒன்றைப் பொருத்துவதற்காக 10 மி.மீ. கனமுள்ள தகட்டில் எட்டு எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான) துளைகளுக்கு நான் மரை வெட்டியபோது, முதல் துளையை இப்படித்தான் இழந்தேன். மிச்சம் ஏழு துளைகளையும் துளையின் வாயைச் சரிவாக்கும் கவுண்டர்சிங்க் முனையோ பிசிறு நீக்கும் கத்தியோ லேத்தோ இல்லாமல், வீட்டில் இருந்தவற்றைக் கொண்டே சரிசெய்ய முடிந்தது. அந்த வேலையில் தெளிவானது இதுதான்: பிசிறு துளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தால் எதைக் கையில் எடுப்பது என்பது தானே முடிவாகிவிடும், கண்டுபிடிக்காமல் சுரண்டத் தொடங்கினால் சுரண்டிய இடமெல்லாம் புதிய பிசிறாகும். அதனால் இங்கே கருவிகளின் வரிசையில் செல்லாமல், போல்ட் எங்கே, எப்படித் தடுக்கிறது என்ற அறிகுறிகளின் வரிசையில் செல்கிறேன். அளவுகளை எம்6 துளைக்கே சொல்கிறேன். மற்ற அளவுகளுக்கு அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில்: அது பிசிறுதானா?

மரை வெட்டும்போது உதிர்ந்த சீவல் துளைக்குள் தங்கியிருந்தாலும் போல்ட் இதேபோல்தான் தடுக்கும். சீவல் கழுவினால் போய்விடும். பட்டறைகளில் 'பர்' என்று சொல்லப்படும் பிசிறு, தாய் உலோகத்தோடு வேர்விட்டு நிற்பது என்பதால் கழுவிப் போகாது. ஆகவே எந்தத் துளையானாலும் முதலில் ஊசி கழற்றிய சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்துத் துளைக்குள் பீய்ச்சி, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயை நேராகத் துளையில் வைப்பதோ கூடாது. அடி மூடிய துளையிலிருந்து சீவல் வந்த வழியே திரும்பி முகத்தில்தான் பாயும். அலுமினியச் சீவலைக் காந்தம் இழுக்காது என்பதால், கண்ணில் விழுந்ததை எடுப்பது இரும்புத் துகளை எடுப்பதைவிடக் கடினம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய் இருக்கும் இடத்தில் அடுப்போ ஊதுவத்தியோ எரியக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கழுவி உலர்த்தியபின், காது குடையும் பஞ்சுக் குச்சியை மரையின் போக்கிலேயே மெல்லத் திருகி உள்ளே விட்டு, அதேபோல் திருகி வெளியே எடுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சிழை மாட்டி அங்கேயே நிற்கும். கைபேசி விளக்கைத் துளையின் மறுபுறம் வைத்து, சற்றுச் சாய்வாகப் பார்த்தால் அந்த இழையே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். விரல் நுனியைத் துளையின் விளிம்பில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். அலுமினியப் பிசிறு மெல்லிய தகடாக இருப்பதால் கீறியது தெரிவதற்குள் இரத்தம் வந்துவிடும். நகத்தின் ஓரத்தால் தொட்டுப் பார்ப்பதே போதும்.

தகடு தட்டையாக உட்காரவில்லை. துளையைச் சுற்றி மேடு தட்டுப்படுகிறது

மரை வெட்டும் கருவியான டேப் உள்ளே நுழையும்போது விளிம்பில் இருக்கும் உலோகத்துக்கு மேல்நோக்கிப் பிதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் துளையின் வாயைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம்போல் மேடு எழும்பும். உருக்கு அளவுகோலின் ஓரத்தைத் துளைக்குக் குறுக்கே வைத்து, பின்னால் வெளிச்சம் காட்டினால் கோல் இரண்டு பக்கமும் தூக்கி நிற்பது தெரியும். கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் இந்த மேட்டின் மீது மோட்டாரையோ பிடிப்பானையோ வைத்து இறுக்கினால், பொருத்தம் தகட்டின் பரப்பில் அமராமல் அந்த வளையத்தின் மீது அமரும். சில நாள்களில் வளையம் அமுங்கிப்போய் போல்ட் தளர்ந்துவிடும்.

இதற்கு உப்புத்தாள் எடுத்து விரலால் தேய்ப்பது தவறான வழி, ஏனெனில் விரலின் மென்மை துளையைச் சுற்றி ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடும். சிறிய தகடாக இருந்தால், கண்ணாடித் துண்டு ஒன்றின் மீது 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரை விரித்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, தகட்டைக் கவிழ்த்து எட்டு வடிவத்தில் நான்கைந்து முறை நகர்த்தினால் போதும். தூக்கிக் கவிழ்க்க முடியாத பெரிய பொருளாக இருந்தால், தட்டையான மரத்துண்டில் அதே தாளைச் சுற்றித் தேய்க்கலாம். நுண்ணிய தட்டை அரத்தைப் படுக்கையாக வைத்துத் தள்ளுவதும் சரியே. அப்போது அரத்தின் மீது சாக்பீஸை நன்றாகத் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் பற்களுக்குள் அடைத்துப் பரப்பைக் கீறுவது பெருமளவு குறையும். அனடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு பூச்சு ஏற்றிய பரப்பில் இவை எதையும் செய்யக் கூடாது. நிறம் போன இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அங்கே அடுத்த பகுதியில் சொல்லும் சரிவு ஒன்றே வழி.

மேட்டைச் சமப்படுத்தினால் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அரமும் தாளும் மேட்டின் ஒரு பகுதியை வெட்டி, மறுபகுதியைத் துளைக்குள் மடக்கிவிட்டிருக்கும்.

போல்ட் முதல் சுற்றையே பிடிக்க மறுக்கிறது

இது மேற்சொன்ன மேட்டின் உட்புற முகம். மரையின் முதல் சுற்று முழு உருவம் பெறாமல், கத்தி முனைபோல மெலிந்து விளிம்பில் முடிகிறது. அந்த மெல்லிய முனை சற்று உட்புறம் மடங்கினாலும் போல்ட்டின் நுனி அதன் மேல் ஏறிக் கோணலாகப் பிடிக்கும். போல்ட்டைத் துளையில் நிறுத்தி, முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் 'டக்' என்று அது சிறிது கீழே இறங்குவதை விரல் உணரும்; அங்கிருந்து வலப்புறம் திருப்பினால் மரையோடு மரை சேர்ந்து போக வேண்டும். அந்த 'டக்' தெளிவாகக் கிடைத்தும் போல்ட் போகவில்லை என்றால் வாயில் பிசிறு இருக்கிறது என்று பொருள்.

தீர்வு, துளையின் வாயில் சிறு சரிவு எடுப்பது. கவுண்டர்சிங்க் முனை இல்லையென்றால் 10 அல்லது 12 மி.மீ. டிரில் பிட் போதும். அதன் அடிப்பகுதியில் துணியை இறுகச் சுற்றிக் கைப்பிடியாக்கி, துளையின் வாயில் நேராக நிறுத்தி, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, கையாலேயே வலப்புறமாக ஐந்தாறு முறை திருப்ப வேண்டும். சரிவின் வெளி விளிம்பு மரையின் வெளி விட்டத்தைச் சற்றே தாண்டினால் போதும். எம்6 துளைக்கு அது 6.3 முதல் 6.5 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் மரையின் நீளத்தைத்தான் இழக்கிறோம். மெல்லிய தகட்டில் ஒரு சுற்று மரை என்பது பெரிய இழப்பு.

கை டிரில் மெஷினில் மாட்டிச் செய்தால் விரைவாக முடியுமே என்று தோன்றும். இந்த ஒரு வேலைக்கு மெஷின் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அலுமினியத்தில் பெரிய டிரில் பிட் தன் சுருள் வெட்டினாலேயே தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை நொடிக்குள் சரிவு பள்ளமாகிவிடும், மேல் மரைகள் போய்விடும். கையால் திருப்பும்போது எவ்வளவு வெட்டுகிறது என்பதைக் கை அறிந்துகொண்டே இருக்கும்.

கையால் திருப்பும்போதும் சில வேளை சரிவு வட்டமாக வராமல் முக்கோணம்போலவோ பல முகம் உடையதாகவோ வரும். இரண்டு வெட்டு முனைகள் மட்டுமே உள்ள டிரில் பிட் ஏற்கெனவே இருக்கும் துளையில் நடுவில் பிடிப்பு இல்லாமல் துள்ளுவதே காரணம். பருத்தித் துணித் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து, பிட்டுக்கும் துளைக்கும் இடையில் வைத்து, துணியோடு சேர்த்து அழுத்தித் திருப்பினால் அந்தத் துள்ளல் அடங்கிச் சரிவு வட்டமாகிவிடும். எளிய உபாயம்தான், ஆனால் இது தெரியாமல் எத்தனையோ துளைகள் பாழாகியிருக்கின்றன.

சரிவு எடுத்தபின் முதல் மரையின் மெலிந்த முனை சிறு முள்போலத் தனியாக நிற்கக்கூடும். கூர்மையான பேனாக்கத்தியின் நுனியால், உள்ளிருந்து வெளிப்புறமாக, ஒரே இழுப்பில் அதை எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் அது மீண்டும் பள்ளத்துக்குள் மடங்கும்.

உள்ளே போகிறது, ஆனால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே இறுக்கம்

பிசிறு என்று மக்கள் சொல்லும் குறைகளில் பெரும்பான்மை இந்த வகைதான். சுரண்டத் தெரியாமல் அதிகச் சேதம் உண்டாவதும் இங்கேதான். ஒரே ஓரிடத்தில் மட்டும் பிசிறு இருந்தால் போல்ட் அந்த இடத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். துளை முழுவதும் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு மரையின் முகட்டிலும் குறை இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

காரணம் பெரும்பாலும் துளையின் அளவில் தொடங்குகிறது. மெட்ரிக் மரைக்குத் துளையின் அளவு காண எளிய கணக்கு உண்டு: வெளி விட்டத்திலிருந்து மரையின் இடைவெளியைக் கழித்தால் துளையின் விட்டம். எம்6 மரையின் இடைவெளி 1 மி.மீ.; ஆகவே துளை 5 மி.மீ. இதே கணக்கில் எம்4 மரைக்கு 3.3, எம்5 மரைக்கு 4.2, எம்8 மரைக்கு 6.8, எம்10 மரைக்கு 8.5 மி.மீ. கையில் இருந்தது 4.8 பிட்தான் என்று அதையே போட்டால், டேப் வெட்டி எறிய வேண்டிய உலோகம் மிகுந்துவிடுகிறது. இடம் போதாத அலுமினியம் டேப்பின் பற்களுக்கு இடையில் பிதுங்கி, ஒவ்வொரு மரை முகட்டிலும் உதடுபோல மடிந்து நிற்கும். ஜன்னல், சட்டங்களுக்குப் பயன்படும் 6063 கலவையும் கலப்பில்லாத மென்மையான அலுமினியமும் இப்படி அதிகமாகப் பிதுங்குபவை. 6061-டி6 போன்ற கடினமான கலவை சுத்தமாக வெட்டுப்படும். துளை அளவு சரியாக இருந்தும் எண்ணெய் விடாமல் உலர வெட்டியிருந்தால் இதே நிலைதான் வரும். டேப்பின் பல்லில் அலுமினியம் ஒட்டி உறைந்து, பல்லின் உருவமே மாறி, வெட்டுவதற்குப் பதில் தேய்த்துக்கொண்டு போகும்.

இங்கே சரியான மருந்து, துளையிட்ட அதே அளவுள்ள டிரில் பிட்தான். எம்6 துளையென்றால் 5 மி.மீ. பிட்டை எடுத்துக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே துளையின் ஊடாக விட வேண்டும். அது மரையைத் தொடாமல், முகட்டில் உள்நோக்கிப் பிதுங்கிய உதட்டை மட்டும் வெட்டிக்கொண்டு போகும். மெஷினில் மாட்டி விட்டால் பிட் மரைக்குள் கடித்து எல்லாவற்றையும் உழுதுவிடும் என்பதால் இதுவும் கைவேலையே. துளை முதலில் 4.8-இல் போடப்பட்டது என்று தெரிந்தால் 5 மி.மீ. பிட் சற்று அதிகமாக வெட்டும். அழுத்தாமல் பொறுமையாகத் திருப்பினால் அதுவும் நடக்கும். எம்6 மரைக்கு வழக்கமான பொருத்தத்தில் உள் விட்டம் 4.917 முதல் 5.153 மி.மீ. வரை இருக்கலாம் என்பது தரநிலை. ஆகவே 5 மி.மீ. பிட்டால் முகட்டைத் திருத்துவதில் மரை பலவீனப்படும் என்ற அச்சம் தேவையில்லை.

பிட் போய்வந்தபின், வெட்டுப்பட்ட உதட்டின் வேர் பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே மீண்டும் டேப்பை விட வேண்டும். முன்னரே சொன்ன 'டக்' பார்த்துப் பழைய மரையிலேயே டேப்பைச் சேர்த்து, மண்ணெண்ணெய் விட்டு, விரல் விசையால் மட்டும் திருப்ப வேண்டும். விரலுக்கு அடங்கவில்லை என்றால் டேப் வேறு பாதையில் புதிய மரை வெட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திப் பின்னோக்கித் திருப்பிவிட வேண்டும். பிட் ஒரு முறை, டேப் ஒரு முறை, இடையிடையே கழுவல் என்று மூன்று சுற்று போனால் பெரும்பாலான துளைகள் போல்ட்டை விரலாலேயே ஏற்கும்.

டேப் கையில் இல்லாதவர்கள் உண்டு. துளைகள் வெளியே பட்டறையில் வெட்டி வந்திருக்கலாம், அல்லது இரவல் வாங்கிய டேப் திரும்பப் போயிருக்கலாம். அவர்கள் போல்ட் ஒன்றையே மரை சுத்தம் செய்யும் கருவியாக மாற்றிக்கொள்ளலாம். தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் பொறித்த, நீளம் முழுதும் மரையுள்ள எம்6 போல்ட்டை எடுத்து, முதலில் அதில் ஒரு நட்டைத் தலைவரை ஏற்றிவிடுங்கள். பிறகு நுனியில் முதல் மூன்று மரைகளைச் சற்றுச் சாய்வாக அராவி, ஹேக்ஸா பிளேடால் நுனியிலிருந்து 12 மி.மீ. நீளத்துக்கு, மூன்று இடங்களில் சம இடைவெளியில் நீளவாக்கில் வெட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டும் மரையின் அடியைச் சற்றே தாண்டும் ஆழம், அதாவது சுமார் 1 மி.மீ. இருந்தால் போதும். ஆழமாகப் போனால் எம்6 போல்ட்டின் நடுத்தண்டு மெலிந்து, துளைக்குள் முறிந்து நிற்கும் அபாயம் உண்டு. வெட்டு எடுத்தபின் நட்டைக் கழற்றி வெளியே எடுத்தால், வெட்டின் ஓரத்தில் போல்ட்டுக்கே உண்டான பிசிறை அந்த நட்டு நேராக்கிக்கொண்டு வரும். நட்டை முதலில் ஏற்றச் சொன்னது இதற்காகத்தான். வலப்புறம் சுழலும்போது முன்னால் வந்து வெட்டும் முகத்தைச் சிறு அரத்தால் நேர்முகமாகத் தீட்டிவிட்டால் கருவி தயார். 12.9 என்று பொறித்த ஆலன் போல்ட்டை இதற்கு எடுக்க வேண்டாம். ஹேக்ஸா அதில் வழுக்கும், பிளேடு வீணாகும்.

இந்தக் கருவியைத் திருகும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போக வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெட்டுகளில் சேர்ந்த சீவலைத் தூரிகையால் துடைக்க வேண்டும். வெட்டு எடுக்காத போல்ட் பிசிறை அமுக்கியது. வெட்டு எடுத்த போல்ட்டில் பிசிறை அறுக்கும் முகமும் அறுந்தது தங்கும் இடமும் உண்டு. ஆனாலும் இது டேப் அன்று. புதிய மரை வெட்ட இதை நம்பக் கூடாது.

முழுதும் இதமாகப் போய், மறுபுறம் வெளிவரும் இடத்தில் மாட்டுகிறது

நுழையும் பக்கத்தைவிட வெளிவரும் பக்கத்தில் பிசிறு எப்போதும் பெரிது. டேப்பும் டிரில் பிட்டும் தகட்டின் கடைசிப் படலத்தை அடையும்போது அதற்குப் பின்னால் தாங்குவதற்கு உலோகம் இல்லை. ஆகவே அந்தப் படலம் வெட்டுப்படாமல் வெளிப்புறமாக உருண்டு மடிகிறது. மறுபுறம் கை எட்டினால் அங்கேயும் அதே 10 மி.மீ. பிட்டால் கையால் சரிவு எடுத்து, அதன்பின் டேப்பையோ வெட்டு எடுத்த போல்ட்டையோ முழுவதுமாக மறுபுறம் வெளிவரும்வரை விட வேண்டும். வரிசை முக்கியம். சரிவு எடுக்கும்போது கொஞ்சம் பிசிறு மரைக்குள் மடங்கும், டேப் அதை வெளியே தள்ளும், தள்ளியதை இன்னொரு முறை மிக மெல்லச் சரிவு எடுத்து நீக்க வேண்டும். கடைசியில் விடுவது டேப்பாகவே இருக்கட்டும்.

மின்கம்பிகள் செல்லும் அலுமினியப் பெட்டியாக இருந்தால், போல்ட் இதமாகப் போகிறது என்பதற்காக இந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. மறுபுறப் பிசிறு கம்பியின் மேலுறையை அதிர்வில் மெல்ல அறுத்துவிடும்.

அடி மூடிய துளையில் போல்ட் முழு ஆழம் இறங்கவில்லை

தீக்குச்சியை அல்லது மெல்லிய மூங்கில் குச்சியைத் துளைக்குள் விட்டு, பரப்பு மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு எடுங்கள். அந்த ஆழமும் போல்ட் இறங்கும் ஆழமும் ஒன்றாக இருந்தால் தடுப்பது துளையின் அடியே; போல்ட்தான் தேவைக்கு மேல் நீளம். குச்சி துளையிட்ட ஆழம் வரை போகவில்லை என்றால் அடியில் சீவல் அடைத்திருக்கிறது. கழுவி, ஒட்டும் பதத்தில் உள்ள மெழுகையோ கிரீஸையோ குச்சியின் நுனியில் வைத்து அமுக்கி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். குச்சி ஆழமாகப் போகிறது, போல்ட் மட்டும் சில மி.மீ. முன்பே நிற்கிறது என்றால் அது பிசிறு அன்று. மரையே அதுவரைதான் வெட்டப்பட்டிருக்கிறது. கடைகளில் மூன்றாக விற்கும் டேப் தொகுதியில் முதல் டேப்பின் நுனியில் ஏழு முதல் பத்து மரைகள் வரை சாய்வாக இருக்கும், மூன்றாவதில் ஒன்றிரண்டுதான். முதல் டேப்போடு நிறுத்திய துளையில் அடிப்பகுதி முழு மரை பெறாது. மூன்றாவதை விட வேண்டும்.

துளையில் எண்ணெய் தேங்கியிருந்தாலும் போல்ட் அடியில் கல்போல நிற்கும். எண்ணெய் அமுங்காது, அழுத்தித் திருகினால் மெல்லிய சுவர் விரிசல் விடும். பஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பாருங்கள்.

குழாயின் உட்புறமும் குறுக்குத் துளையும்

சதுரக் குழாயின் சுவரில் மரை வெட்டினால் வெளிவரும் பக்கப் பிசிறு குழாயின் உள்ளே இருக்கும். டிரில் பிட்டை அங்கே திருப்ப வழியில்லை. கோணிப்பை தைக்கும் ஊசி இதற்கு அருமையான கருவி. அதன் தட்டையான வளைந்த நுனியைத் துளை வழியே உள்ளே விட்டு, விளிம்பில் கொக்கிபோல மாட்டி, தன்னை நோக்கி இழுத்துக்கொண்டே துளையைச் சுற்றி வர வேண்டும். பெரிய துளைக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி, அரை சென்டிமீட்டர் வளைத்து, ஓரத்தைத் தீட்டிக்கொள்ளலாம். எப்போதும் இழுத்தே வெட்ட வேண்டும்.

மரைத் துளையை இன்னொரு துளை குறுக்காகச் சந்திக்கும் இடத்தில் பிசிறு இருந்தால், மூங்கில் குச்சியின் நுனியைப் பிளந்து, 400 எண் வாட்டர் பேப்பரின் சிறு கீற்றை அதில் செருகிச் சுற்றி, குறுக்குத் துளை வழியாக விட்டு விரல்களுக்கு இடையில் உருட்டுங்கள். மரையுள்ள துளை வழியாக இதை விடக் கூடாது, முகடுகள் மழுங்கிவிடும். வால்வு தேய்க்கும் பசையை மரையில் தடவிப் போல்ட்டை முன்னும் பின்னும் திருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அலுமினியத்தில் அதைச் செய்யவே வேண்டாம். பசையில் உள்ள கடினமான துகள் மென்மையான உலோகத்தில் பதிந்து அங்கேயே இருந்துகொண்டு, இனி வரும் ஒவ்வொரு போல்ட்டையும் அராவிக்கொண்டிருக்கும். காஸ்டிக் சோடாக் கரைசலில் பொருளை முக்கினால் பிசிறு கரைந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். பிசிறு கரையும், அதோடு மரையும் கரையும், எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

கழற்றும் ஒவ்வொரு முறையும் போல்ட்டில் வெள்ளிநிறத் துணுக்குகள்

துளையைச் சுத்தமாகத் திருத்தியபின்னும் இது தொடர்ந்தால், பிசிறைத் தேடி மேலும் சுரண்ட வேண்டாம். அழுத்தத்தில் தேயும் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதுதான் இது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை அலுமினியத்தில் உலர இறுக்கும்போது அதிகம் காணலாம். போல்ட்டின் மரையில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தைப் பித்தளைத் தூரிகையால் முழுவதும் நீக்கி, மரைகள் ஒட்டிப்போவதைத் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ, அது கிடைக்காவிட்டால் சிறிது கிரீஸோ தடவி விரலால் இறக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட வேண்டும். துளைக்குள் இரும்புத் தூரிகையை விடக் கூடாது. உதிரும் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அந்த இடம் அரிக்கத் தொடங்கும்.

இறுக்கினால் நிற்காமல் சுற்றுகிறது

மரை போய்விட்டது, பிசிறு நீக்கும் வேலைக்கு இதில் இடமில்லை. சுவரில் போதிய கனம் இருந்தால் 6.8 மி.மீ. பிட்டால் துளையைப் பெரிதாக்கி எம்8 மரை வெட்டலாம். எம்6 போல்ட்டே வேண்டுமென்றால், ஹெலிகாயில் எனப்படும் உருக்குச் சுருளை அதற்கான டேப்போடு வாங்கிப் பொருத்த வேண்டும். என்னுடைய முதல் துளை எம்8 ஆகத்தான் முடிந்தது.

அடுத்த துளையை வெட்டுமுன்

பிசிறின் பெரும்பகுதியை உண்டாகாமலே தடுக்கலாம். 5 மி.மீ. துளையிட்டதும், டேப்பைத் தொடுவதற்கு முன்பே, இரு பக்கமும் 6.3 மி.மீ. சரிவு எடுத்துவிட்டால் மேல்நோக்கிப் பிதுங்கும் உலோகம் சரிவுக்குள்ளேயே அடங்கிவிடும். தகட்டின் பரப்புக்கு மேல் மேடு எழாது. மறுபுறத்தில் வேண்டாத அலுமினியத் துண்டு ஒன்றை இறுகப் பிணைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே துளையிட்டால், வெளிவரும் பக்கத்துப் பெரிய பிசிறு அந்தத் துண்டின் பங்காகிவிடும். டேப்பில் மண்ணெண்ணெயோ டபிள்யூடி-40 எண்ணெயோ விடாமல் ஒரு சுற்றும் போக வேண்டாம். டேப்பின் பற்களில் அலுமினியம் உறைந்து ஒட்டியிருந்தால் ஊசி முனையால் பெயர்த்தெடுங்கள். அப்படியும் வராவிட்டால், டேப்பை மட்டும், திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் சிறிது நேரம் போட்டால் அலுமினியம் கரைந்துபோகும், உருக்கு அப்படியே இருக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் செய்ய வேண்டும், அலுமினியப் பாத்திரத்தில் அல்ல.

எல்லாம் முடிந்தபின் துளையை மீண்டும் மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, புதிய பஞ்சுக் குச்சியை மரையில் திருகி எடுத்துப் பாருங்கள். இழை எங்கும் மாட்டாமல் வந்து, போல்ட் இரண்டு விரலின் விசைக்கே கடைசி வரை இறங்கினால், அந்தத் துளையில் ஸ்பேனர் போடலாம்.